இத்திமரத்தடிச் சருகு

"இந்த முறை வாறன்," என்றாள் ஜொஹறா போனில். "வந்து பாக்கிறன். பாத்திட்டுத்தான் நோன்புக்கு நிக்கிறதா இல்லையா எண்டு சொல்லுவன். அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லித் திரியாதீங்க."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

"உங்கட விருந்தாளிக்குச் சொல்லுவீங்க."

ஸுஹைர் சிரித்தான். அப்போது அவன் கிணற்றடியில்தான் நின்றான். விருந்தாளிக் குருவி இத்திமரத்தின் கீழே சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்து மரத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தான்.

"கேக்குதா?"

புத்தளத்தில் அவள் தையல் மெசினை நிறுத்தியிருக்க வேண்டும். மறுமுனை அமைதியாயிற்று.

"கேக்குது," என்றாள்.

ஒரு சருகு புரளும் சத்தம். பிறகு இன்னொன்று. அவ்வளவுதான். ஐந்து வருடமாக, மாரி தொடங்கிப் பங்குனி வரைக்கும் அவர்களுடைய பேச்சு அந்தச் சத்தத்தில்தான் முடியும்.

பன்னிரண்டு வருடம் போனில் நடந்த குடும்பம் அது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டிவந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது, அவளுக்கு நான்கு. இருவரும் வளர்ந்ததும் கலியாணம் முடித்ததும் புத்தளத்தில். சண்டை முடிந்து பாதை திறந்ததும் அவன் முல்லைத்தீவுக்குத் திரும்பினான். வாப்பாவின் வளவில் கிணறு மட்டும் இருந்தது. பற்றையை வெட்டினான். வீடு கட்டினான். கச்சான் கடலை போட்டான். ஜொஹறா வருவாள் என்று குசினியைப் பெரிதாகக் கட்டினான்.

அவள் வரவில்லை. முதலில் மகளின் பள்ளிக்கூடம். பிறகு உம்மாவின் நீரிழிவு. எல்லாக் காலத்திலும் தையல். மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆவணியில் வந்தாள். நாலாம் நாள் கிணற்றடியில் புடையன் பாம்பைக் கண்டாள். ஐந்தாம் நாள் பஸ் ஏறினாள். ஆவணியில் குருவியும் இல்லை.

முதல் வருடம் அவன் அதை ஏதோ மைனா என்று நினைத்தான். பிறகுதான் நிறம் கண்ணில் பட்டது. தலையும் நெஞ்சும் கனிந்த பப்பாப்பழம். முதுகு மழை இருட்டு. தோளில் ஒரு வெள்ளைக் கீற்று. அவன் எடுத்து அனுப்பிய மங்கல் படத்தை வைத்து மகள் முனவ்வறா பெயரைத் தேடிச் சொன்னாள். செந்தலைப் பூங்குருவி.

"இமயமலை அடிவாரத்திலயிருந்து வருதாம் வாப்பா. இரவிலதான் பறக்குமாம். ஒருக்காத் தங்கின இடத்துக்கே திரும்பவும் வருமாம்."

அந்தக் கடைசிச் சொல்லை அவன் விடவில்லை. குருவியின் இடது காலில் வெளிவிரல் இல்லை என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டான். பங்குனியில் அது போயிற்று. ஐப்பசி மழையோடு வந்து இறங்கியபோது அவன் முதலில் பார்த்தது காலைத்தான். வெளிவிரல் இல்லை. அன்று அவன் கிணற்றடியில் நின்றபடியே ஜொஹறாவுக்குப் போன் எடுத்தான். ஜொஹறா, ஜொஹறா என்று இரண்டு தரம் கூப்பிட்டான்.

"ஆருக்கு என்ன?" என்று அவள் பதறினாள்.

"ஒண்டுமில்ல. குருவி வந்திட்டுது."

அதன் சீவியம் எளிமையானது. விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் வரும். கிணற்றில் குளிக்கும் தண்ணீர் வாய்க்காலாக ஓடி இத்திமரத்தின் கீழே தேங்கும். அங்கே சருகு மேலே காய்ந்தும் அடியில் நனைந்தும் கிடக்கும். இரண்டு தத்து தத்தும். நிற்கும். தலையைச் சரித்துக் கேட்கும். பிறகு அலகால் ஒரு சருகைப் பிடித்துப் பக்கவாட்டில் எறியும். அடியில் புழு இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த சருகு. இத்திப்பழம் விழும் நாட்களில் அதையும் பொறுக்கும். ஆள் நடமாட்டம் கண்டால் தாழ்ந்த கொப்பில் ஏறி, கல்லாய்ச் சமைந்துவிடும். எப்போதும் தனியே. ஒருமுறை அதே சாதியில் இன்னொன்று வந்தது. முதுகு கொஞ்சம் பழுப்பு. இது அதை வேலி வரைக்கும் கலைத்தது.

பாடாது. முனவ்வறா அதன் பாட்டைத் தேடி அனுப்பியிருந்தாள். இந்தியாவில் எங்கோ காட்டில் பதிந்தது. அவன் கேட்டுவிட்டுத் திரும்பவும் கேட்டான். அவ்வளவு குரல் இந்தச் சின்ன நெஞ்சுக்குள்ளா இருக்கிறது என்று நம்ப முடியவில்லை. பிறகு ஒரு மாலையில் மரத்தடியில் வைத்து அதைப் போட்டுப் பார்த்தான். குருவி நிமிர்ந்தது. கழுத்து நீண்டது. எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நாலு பக்கமும் பார்த்தது. அவன் உடனே நிறுத்தினான். யாரோ ஒருவரைப் பொய் சொல்லி வாசல்வரை கூப்பிட்டதுபோல் இருந்தது. பிறகு போடவில்லை.

பங்குனிக்கு முன்னால் மட்டும், கொப்பில் இருந்து, அலகைத் திறக்காமல் அது தொண்டைக்குள் ஏதோ முணுமுணுக்கும். கிட்ட நின்றால்தான் கேட்கும். அந்த முணுமுணுப்பு வந்தால் அவனுக்கு நிம்மதி. இந்த இடம் அதற்குப் பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொள்வான்.

ஜொஹறா வர இன்னும் சில நாட்கள் இருந்தன. ஸுஹைர் முன்வளவைக் கூட்டத் தொடங்கினான். அடுத்த வளவு வீரம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன நானா, மந்திரிமார் ஆரும் வருகினமோ?"

"மனுசி வாறா."

"அப்ப மந்திரியை விடப் பெரிய ஆள்தான்." அவள் தன் விளக்குமாற்றையும் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தாள். "முன்னுக்குக் கூட்டி என்ன செய்ய? பொம்பிளை வந்தா முதல் போறது கிணத்தடிக்கு. போன முறை பாம்பைக் கண்டு ஓடினவா எல்லோ? இந்தச் சருகுக்குள்ள ஒரு குடும்பமே கிடக்கும்."

"அதுக்குள்ள ஒரு குருவி வாறது..."

"குருவி மரத்திலதானே நானா இருக்கும்? மரத்தை நாங்கள் என்ன வெட்டப்போறமோ?"

அவனுக்கு அது சரியாகப் பட்டது. மரம் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. அதோடு, அந்தப் பக்கத்தில் திரும்பி வந்த எவரும் முதலில் செய்தது வளவைக் கூட்டியதுதான். வெள்ளைத் தரை தெரிந்தால் அது ஆள் இருக்கிற வளவு. சருகு மூடிக் கிடந்தால் ஆளில்லாத வளவு. எவரும் வந்து உரிமை கோரலாம். நிற்பதா போவதா என்று பார்க்க வருகிறவளுக்கு ஆளில்லாத வளவையா காட்டுவது?

இருவரும் கூட்டினார்கள். கிணற்றடியிலிருந்து காட்டோர வேலி வரைக்கும். மேலே இருந்த சருகு பற்றி எரிந்தது. அடிச்சருகு ஈரம், மறுநாள் வரைக்கும் புகைந்தது. திறந்த மண்ணில் புழுக்கள் வெயிலுக்கு நெளிந்தன. வீரம்மாவின் கோழிகள் ஓடிவந்து பொறுக்கின.

"இனிப் பாருங்கோ," என்றாள் வீரம்மா. "சோத்தைக் கொட்டி அள்ளித் தின்னலாம்."

மாலையில் குருவி வந்தது. கொப்பில் வெகுநேரம் இருந்தது. இறங்கியது. வெள்ளை மண்ணில் இரண்டு தத்து. நின்றது. தலையைச் சரிக்கவில்லை. திறந்த வெளியில் அதன் நிறம் அவனுக்கே கண்ணைக் குத்தியது. பருந்துக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தான். நினைத்து முடிவதற்குள் அது பறந்துவிட்டது.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

"இண்டைக்கு என்ன, சத்தத்தைக் காணேல்ல?" என்று கேட்டாள் ஜொஹறா.

"பொழுதுபட்டிட்டுது," என்றான்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் அவள் இறங்கியபோது அவன் முதலில் பையைத்தான் பார்த்தான். சின்னப் பை. மூன்று நாலு உடுப்புக்கு மேல் கொள்ளாது. ஒரு நோன்பு மாதத்துக்கான பை அல்ல.

"என்ன பாக்கிறீங்க? நான் இங்க நிக்கிறன்."

"பாரமோ எண்டு பாத்தன்."

மோட்டார் சைக்கிளின் பின்னால் அவள் அவனைப் பிடிக்காமல் சீற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் போகவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு நேரே பின்னுக்கு நடந்தாள். கிணற்றடியில் நின்றாள். இத்திமரத்தைப் பார்த்தாள். கீழே பார்த்தாள்.

"இங்கயா?"

"ஓம். இங்கதான்."

"எங்க?"

"பின்னேரம் வரும்."

பின்னேரம் வரவில்லை. இருவரும் குசினி வாசலில் இருந்து பார்த்தார்கள். பாங்கு கேட்டது. அவள் எழுந்து முகம் கழுவப் போனாள்.

இரவுச் சாப்பாட்டில் இருவருக்கும் பேச்சு வரவில்லை. போனில் மணிக்கணக்காகக் கதைத்தவர்கள். "சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விடிய அவன் எழுந்தபோது அவள் வேலியோரம் நின்றாள். காலடியில் சாம்பல் குவியல். அதைத் தடியால் கிளறியிருந்தாள். ஓரத்தில் கருகாத இத்திச் சருகு ஒன்றை எடுத்து வைத்திருந்தாள்.

"கேக்குதா கேக்குதா எண்டு காட்டுவீங்களே," என்றாள். "அந்தச் சருகா இது?"

அவன் குனிந்து சாம்பல் குவியலைப் பார்த்தான்.

"எனக்காகக் கூட்டினீங்களா?"

"பாம்பெண்டு பயப்பிடுவாய். அதுதான்..."

"பயம்தான். அதுக்காக? வீட்டுக்காரனைக் கலைச்சுப்போட்டா விருந்தாளிக்கு வீடு காட்டுவாங்க?"

"நீ விருந்தாளியில்ல."

அவள் சருகைத் தட்டிப் பார்த்தாள். "நான் உங்கட வளவு பாக்க வரல்ல. அங்க உம்மாட இருமலுக்கும் மெசினுக்கும் நடுவில அஞ்சு வருசமா ஒரு சத்தம் கேட்டன். அது எந்த இடத்தில கேக்குதெண்டு பாக்கத்தான் வந்தன்."

அவன் வீட்டுக்குள் போய்க் காலியான யூரியாப் பைகளை எடுத்துவந்தான். சிறிது நேரத்தில் அவளும் அவனுடைய ரப்பர் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றுக்குள் அவளுடைய இரண்டு காலும் போகக்கூடிய சப்பாத்து அது.

"இதுக்குள்ள பாம்பு பல்லுப் போகாதுதானே?"

"யானைப் பல்லும் போகாது."

காட்டோரம் பாலை மரமும் வீரை மரமும் நின்றன. சருகு கணுக்கால் மட்டும் கிடந்தது. அவன் தடியால் தட்டித் தட்டி முன்னே போனான். அவள் பின்னே நின்று பையின் வாயைப் பிடித்தாள். ஒவ்வொரு அள்ளுக்கும் கண்ணை மூடினாள். பைகளைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து மரத்தடியில் கொட்டினார்கள்.

வீரம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"அடி ஆத்தே! உலகமெல்லாம் குப்பையை வெளியில கொட்டுது. நீங்கள் ரெண்டு பேரும் காட்டிலயிருந்து வளவுக்குள்ள கொட்டுறியளோ?"

"குருவிக்கு அக்கா," என்றாள் ஜொஹறா.

"குருவிக்குப் பாய் விரிக்கிறியளோ? தலாணியும் வைச்சு விடு தங்கச்சி. எனக்கு நாரி முறிஞ்சது இஞ்ச கூட்டித்தான். அந்தக் கூலியை ஆர் தாறது?"

"உங்கட கோழியிட்டக் கேளுங்க. எங்கட புழுவெல்லாம் அதுகள்தானே திண்டது."

வீரம்மா சிரித்தாள். ஜொஹறாவும் சிரித்தாள். கையில் மண், முந்தானையில் சருகு, பெரிய சப்பாத்து. அந்த வளவில் அவள் சிரித்து அவன் கண்டதில்லை. அவன் வாளியை எடுத்துக் கிணற்றில் போட்டான். தண்ணீரை அள்ளிச் சருகின் மேல் ஊற்றினான். ஈரமில்லாமல் புழு வராது. புழு வராமல் குருவி வராது. அது எத்தனை நாளில் நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பிறை காண இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு மாலையிலும் குசினி வாசலில் இருந்தார்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயின. வீரம்மாவின் சேவல் வந்தது. ஜொஹறா கல்லெடுத்து எறிந்தாள். வேறொன்றும் வரவில்லை. வீட்டுக்குள் பேச்சும் வரவில்லை. அவள் குசினியின் பெரிய அளவைப் பார்த்தாள். இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினீர்கள் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவன் கச்சான் புடுங்கிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. ஜொஹறா.

நிமிர்ந்து பார்த்தான். தோட்டத்தின் மறுகரையில் வீட்டுக் கூரை தெரிந்தது.

"என்ன? எங்க நிக்கிறாய்?"

"குசினிக்குள்ளதான்."

"பாம்போ?"

"இல்ல. சும்மா எடுத்தன்." சட்டியை மூடும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டீங்களா?"

"இன்னுமில்ல. என்ன காச்சினனீ?"

அவ்வளவுதான். அணை உடைந்ததுபோல் பேச்சு வந்தது. மீன்காரன் தந்த மீன் பழுதாம். முனவ்வறா படிக்கிறேன் என்று போன் பார்க்கிறாளாம். அவன் கச்சான் செடிகளின் நடுவில் குந்தியிருந்தான். பக்கத்துத் துண்டில் நின்ற வீரம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"கத்திக் கூப்பிட்டாலே கேக்குமே நானா. உதுக்கு ஏன் போன் காசு?"

அவன் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டான்.

"ஜொஹறா."

"ம்."

"இந்த நோன்புக்கு நில்லன்."

முகத்துக்கு முகம் நாட்கணக்காய்க் கேட்க முடியாத கேள்வி. போனில் வந்துவிட்டது.

"உம்மாக்கு ஊசி போடுறது ஆரு? மகளுக்கு இந்த வருசம் சோதினை."

"பன்னிரண்டு வருசமாத் தனிய நோன்பு திறக்கிறன்."

"பள்ளியில நாப்பது பேரோட இருந்து கஞ்சி குடிக்கிறீங்க."

"நாப்பது பேரும் தனியத்தான்."

அந்த நாற்பது பேரின் குடும்பங்களும் புத்தளத்தில் அவளுடைய ஒழுங்கையைச் சுற்றித்தான் இருந்தன. அவளுக்கு ஒவ்வொரு பெண்ணையும் தெரியும்.

"நீங்க ஒரு நோன்புக்காவது அங்க வந்ததில்ல," என்றாள். "பெருநாளுக்கு வருவீங்க. புரியாணி சாப்பிடுவீங்க. அடுத்தநாள் சுபஹோட பஸ் பிடிக்கப் போயிடுவீங்க. மகள் எழும்பிப் பாத்தா ஆளில்ல."

"வளவை விட்டிட்டு நிக்கேலாது."

"வளவு எங்கயும் ஓடாது."

"ஓடினதுதானே."

தொண்ணூறில் வாப்பா ஆடுகளுக்குக் குழை கட்டிவிட்டுப் போனவர். இரண்டு நாளைக்குக் காணும் என்று கணக்குப் பார்த்துக் கட்டினார். திரும்பி வர இருபத்திரண்டு வருடம். வந்தது மகன், வாப்பா புத்தளத்து மையவாடியில் அடங்கிவிட்டார். இதை அவன் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்கு இது ஊர்," என்றாள் அவள். "நான் இல்லயெண்டு சொல்லல்ல. எனக்கு இங்கத்த ஞாபகம் எண்டு ஒண்டுமே இல்ல. நடந்து போனது கூட இல்ல. என்னைத் தூக்கிக்கொண்டு போன ஆரோ ஒருத்தர்ட தோள்ல பீடி மணம். அவ்வளவுதான் என்ட முல்லைத்தீவு. நான் சமைஞ்சது, தைக்கப் பழகினது, பிள்ள பெத்தது எல்லாம் அங்க. நான் இங்க வாறது ஊருக்கு வாறதில்ல. உங்களிட்ட வாறது."

அவன் கச்சான் செடி ஒன்றைப் பிடுங்கினான். மண்ணை உதறினான். காய்களை எண்ணுவதுபோல் பார்த்தான்.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

அவள் போக வேண்டிய நாளுக்கு முந்திய மாலை. பையைக் கட்டி வைத்துவிட்டாள். அவன் பார்க்காததுபோல் இருந்தான். இருவரும் குசினி வாசலில் குந்தினார்கள். வெயில் தணிந்திருந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. ஒரு சருகு.

ஜொஹறா அவன் கையைப் பிடித்தாள்.

அது மரத்தின் அடிவேருக்கு அந்தப்பக்கம் நின்றது. இரண்டு தத்தில் இந்தப்பக்கம் வந்தது. பழுப்புச் சருகின் நடுவில் அந்தச் செம்மஞ்சள் இப்போது கண்ணைக் குத்தவில்லை. மாலைவெயில் விழுந்த இன்னொரு சருகு போலத்தான் இருந்தது. தலையைச் சரித்தது. பாலைச் சருகு ஒன்றைப் பிடித்து எறிந்தது. அடியில் ஒன்றுமில்லை. வீரைச் சருகு. ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஏதோ அகப்பட்டது. விழுங்கியது.

"கால்," என்று ஸுஹைர் கிசுகிசுத்தான். "இடது காலைப் பார்."

"பாத்தன்."

அது பறந்து தாழ்ந்த கொப்பில் ஏறியது. இறகைக் கோதியது. பிறகு அலகைத் திறக்காமல் தொண்டையை மட்டும் அசைத்தது. கிட்ட இருந்ததால் கேட்டது. பக்கத்து அறையில் யாரோ தனக்குள் பாடிக்கொண்டு வேலை செய்வதுபோல் ஒரு பாட்டு. முனவ்வறா அனுப்பிய பாட்டின் துண்டுகள் அதற்குள் வந்து போவதை அவன் முதன்முறையாகக் கவனித்தான். ஓரிடத்தில் பிழைத்து நின்றது. மறுபடி தொடங்கியது.

"இதுதான்," என்றான். "இடம் பிடிச்சிட்டா இப்பிடிப் பாடும்."

ஜொஹறா அவனைப் பார்த்தாள். சொல்வதா விடுவதா என்று யோசிப்பது தெரிந்தது.

"மகள் வாசிச்சுக் காட்டினவ," என்றாள். "அது போறதுக்கு முதல் பாடிப் பழகுதாம். அங்க போய்த்தான் கூடு கட்டுமாம். அங்க போய்ச் சத்தமாப் பாடணும். அதுக்கு இங்க இருந்து ஆயத்தம்."

அவன் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வருடமாக அந்த முணுமுணுப்பைக் கேட்டு நிம்மதியாக நித்திரை கொண்டிருந்தான்.

"அப்ப இங்க சந்தோசமில்லயோ?"

"ஏன் இல்ல? சாப்பாடு இருக்கு. தண்ணி இருக்கு. சண்டை பிடிக்க ஆளில்ல." அவள் சிரிக்க முயன்றாள். "சந்தோசமில்லாட்டி அவ்வளவு தூரம் பறந்து திரும்பி வருமா? வரும். ஆனா போகணும்."

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். கொப்பு வெறுமையாயிருந்தது. எப்போது போனதென்று இருவரும் காணவில்லை.

"நான் நாளைக்குப் போறன்," என்றாள்.

"ஓம்," என்றான்.

காலையில் முற்றத்தில் படங்கை விரித்துக் கச்சானைக் காயப்போட்டான். அவளை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனான். மோட்டார் சைக்கிளைத் தேத்தண்ணிக் கடை வாசலில் விட்டான். பையை மேலே வைப்பதற்காகப் பஸ்ஸில் ஏறினான். வைத்தான். அவள் யன்னலோரம் இருந்தாள். பக்கத்துச் சீற் காலி.

"போய்ச் சேந்ததும் எடு," என்றான்.

"ம்."

கொண்டக்டர் தட்டினான். பஸ் அசைந்தது.

"இறங்குங்க," என்றாள்.

"முள்ளியவளையில இறங்குறன். அதில ஒருத்தரைப் பாக்க வேணும்."

அவள் யாரை என்று கேட்கவில்லை. அவன் உட்கார்ந்தான். முள்ளியவளையில் நாலைந்து பேர் ஏறினார்கள். அவன் எழும்பவில்லை. "ஒட்டுசுட்டானில இறங்கினா அடுத்த பஸ்ஸில திரும்பலாம்," என்றான். ஒட்டுசுட்டானில் பஸ் நெடுநேரம் நின்றது. ஒரு கிழவர் பூசணிக்காய் மூட்டை ஏற்றினார். ஸுஹைர் எழுந்து அவருக்குக் கை கொடுத்துவிட்டு வந்து திரும்பவும் உட்கார்ந்தான். ஜொஹறா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாரத்தோடும் செருப்போடும் இருந்தான். சட்டைப்பையில் போனும் கொஞ்சக் காசும்.

மாங்குளத்தில் பஸ் பெரிய றோட்டில் ஏறித் தெற்கே திரும்பியது. இனி ஊர்ப்பேர் சொல்லிச் சமாளிக்க ஒன்றுமில்லை. அவன் உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்தான். அவள் இறங்கு என்றும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சீற்றின் முன்கம்பியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவன் போனை எடுத்தான்.

"வீரம்மா, முத்தத்தில கச்சான் காயுது. பின்னேரம் படங்கை இழுத்து மூடிவிடுங்கோ. குசினிக் கதவும் பூட்டேல்ல."

"மூடுறன். நீங்கள் எங்க நானா நிக்கிறியள்? ஒரே இரைச்சலாக் கிடக்கு."

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். பெயர்ப்பலகை ஒன்று கடந்தது.

"கனகராயன்குளம்."

"அங்க என்ன அலுவல்?"

ஜொஹறா திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காது அவன் பக்கம்தான் இருந்தது.

"நோன்புக்குப் போறன்," என்றான்.

வீரம்மாவும் ஒரு காலத்தில் வளவை விட்டுவிட்டுப் போய் வந்தவள்தான்.

"எப்ப வருவியள்?"

அவன் வாயைத் திறந்தான். வருவோம் என்று சொல்லிவிட்டுப் போன ஆட்களையெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"வருவன்," என்றான்.

"வாங்கோ. வராட்டிக் கச்சான் முழுக்க எனக்குத்தான்."

அவன் போனை மடியில் வைத்தான். கொண்டக்டர் அவர்களுடைய சீற்றுக்கு வந்து நின்றான்.

"அக்கா புத்தளம் எண்டு ஏறினவா, வவுனியாவில மாறவேணும். அண்ணை, நீங்கள்?"

ஜொஹறா அப்போதுதான் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. கைப்பையைத் திறந்தாள்.

"ரெண்டு வவுனியா," என்றாள்.